பதினேழு வரி, ஏழு பெட்டி

ஜன்னல் பக்கம் நீயே உட்காரம்மா, எனக்கு வெயில் ஆகாது. பையைக் கீழே வை. யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள், நான்தான் இந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேனே. தஞ்சாவூர் வரைக்குமா? நானும் அங்கேதான், நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. கழுத்தில் அட்டை தொங்குகிறதே, கம்ப்யூட்டர் கம்பெனியா? என்ன வேலை? சும்மா ஐ.டி. என்று சொல்லாதே. இந்த பஸ்ஸில் கல்லெறிந்தால் ஐ.டி. மேல்தான் விழும். விவரமாகச் சொல்.

என்னது? ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் கணக்கெடுத்துப் பட்டியல் போடுகிற சாஃப்ட்வேரா? அதை நீயா எழுதுகிறாய்?

அடிப் பாவி. உன்னைத்தான் ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பயப்படாதே, அடிக்கமாட்டேன். காதில் மாட்டியிருக்கிறதை மட்டும் எடு. துவாக்குடி டோல்கேட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

என் பெயர் வைஜயந்தி. திருச்சியில் கே.கே. நகர் தாண்டி ஒரு அபார்ட்மெண்ட். ஐந்து மாடி, ஐம்பத்தாறு வீடு. வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். மகள் ஹைதராபாத்தில். நான் வீட்டில் இருக்கிறவள். 'வீட்டிலதானே மேடம் இருக்கீங்க' என்று சொல்லிச் சொல்லியே அசோசியேஷன்காரர்கள் என் தலையில் கம்ப்யூட்டர் ரூமைக் கட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஏழு பெட்டி. எட்டாவது கிடையாது. எட்டாவது வைக்க மேஜையே கிடையாது. நாலு வருஷம் சாவி என் இடுப்பில். காலையில் பத்து மணிக்குத் திறந்து, துடைத்து, ஏழையும் ஆன் பண்ணி, குழந்தைகள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் பூட்டுவது வரைக்கும் நான்தான். ஒரு மவுஸ் காணாமல் போனதில்லை.

அப்புறம் பிலோமினா செக்ரட்டரி ஆனாள்.

பிலோமினா என் கூடப் படித்தவள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே கான்வென்ட், ஒரே வகுப்பு. அவள்தான் லீடர். தமிழில் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுவது அவள் வேலை. ஒருநாள் பென்சில் கேட்டேன் என்று என் பெயரை எழுதினாள். 'நானா?' என்று எழுந்து கேட்டேன். அதையும் தமிழில் கேட்டுவிட்டேனாம், மறுபடியும் எழுதினாள். ஆள் ஒன்று, வரி இரண்டு. சிஸ்டர் வந்து எண்ணிப் பார்த்து எனக்கு இரட்டை முட்டி போட வைத்தார்கள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள் பார்.

செக்ரட்டரி ஆனதும் 'எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கறேன்' என்று கிளம்பினாள். இலவசமாக ஏதோ ஒரு சாஃப்ட்வேரை எங்கிருந்தோ இறக்கி ஏழு பெட்டியிலும் போட்டாள். அது உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டியல் எடுத்து அவளுக்கு அனுப்பும். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வாட்ஸப் குரூப்பில் டொய்ங் என்று ஒன்று. பட்டியலின் படம். அடியில் இங்கிலீஷில் நாலு வரி. அதன் சாரம் இதுதான்: கம்ப்யூட்டர் ரூமில் பதினேழு கம்ப்யூட்டர்கள் பதிவாகியிருக்கின்றன. நேரில் எண்ணியதில் ஏழுதான் இருக்கின்றன. மீதி பத்து எங்கே என்பதைச் சாவி வைத்திருப்பவர் தயவுசெய்து விளக்கவும்.

தயவுசெய்து! அந்த 'தயவுசெய்து'வுக்காகவே அவளைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஐம்பத்தாறு வீட்டில் ஒருத்தருக்காவது, 'அந்த ரூமுக்குள்ள பதினேழு எப்படிடா நுழையும்' என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம். கறிவேப்பிலைக்குக் கதவைத் தட்டுகிற கீழ்வீட்டு ஜெயசித்ரா, கடைக்குப் போய் வாங்க ஆரம்பித்தாள். இவர் வாக்கிங் போனால் கூட நடக்கிற நாலு பேரும் சட்டென்று கிரிக்கெட் பேசினார்கள். இவருக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது. வீட்டுக்கு வந்து, "விட்டுடு வைஜயந்தி, சாவியைத் தூக்கிப் போட்டுட்டு வா, நமக்கெதுக்கு" என்றார். சாவியைப் போட்டால் பத்தையும் எடுத்தது நான்தான் என்று ஆகிவிடாதா? ஆண்களுக்கு எப்போதுமே பாதிதான் விளங்கும்.

ஒரே ஒரு ஆள் எனக்காகப் பேசினான். வாட்ச்மேன் பெரியண்ணன். மறுநாள் பிலோமினா கேட்டில் நின்று அவனை விசாரித்தாள். நான் பால்கனியில் நின்று கேட்டேன்.

"ஏன் பெரியண்ணன், வைஜயந்தி மேடம் வீட்டுக்கு வண்டி கிண்டி ஏதாவது வந்துச்சா? பெட்டி ஏத்திக்கிட்டுப் போனாங்களா?"

"ஒரு அட்டைப் பெட்டிகூட வெளிய போகலீங்கம்மா. ராப்பகலா நாந்தானே நிக்கிறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் உன் வேலைக்கும் சேர்த்துத்தான்."

"யோசிக்கிறதுக்கு என்னங்கம்மா இருக்கு? போகலைன்னா போகலைதான்."

நல்ல மனுஷன். ஆனால் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் சொல்லுக்கு என்ன மதிப்பு, சொல்லு? பட்டியலுக்கு இருக்கிற மதிப்பு அவனுக்கு உண்டா?

புதன்கிழமை நானே உட்கார்ந்தேன். பிலோமினா அந்தப் பட்டியலை ஃபைலாகவும் குரூப்பில் போட்டிருந்தாள், பெருமைக்கு. கம்ப்யூட்டர் ரூமில் நாலாம் நம்பர் பெட்டியில் அதைத் திறந்து பார்த்தேன். மேலே பத்திகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து இருக்குமே. டி, ஈ, அடுத்து ஜி. நடுவில் எஃப் எங்கே போச்சு? கான்வென்ட்டில் படித்தவளுக்கு இதுகூடவா கண்ணில் படாது? இழுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பத்தியை மறைத்து வைத்திருக்கிறாள். பேப்பரில் அடங்கவில்லையாம், அதனால் மறைத்தாளாம். மறைத்தது எதை? சீரியல் நம்பரை. பெட்டியின் முதுகில் ஸ்டிக்கரில் இருக்குமே, அதை.

விரித்தேன். பதினேழு வரி. ஆனால் சீரியல் நம்பர் ஏழுதான். அதே நம்பர் இரண்டு தடவை, மூன்று தடவை திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டியைத் திருப்பித் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்து டிக் போட்டேன். ஏழும் சரி.

அப்புறம் மகளுக்குப் போன் போட்டேன். அவள் சொல்லித்தான் முழுசாகப் புரிந்தது. உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன், உன் மண்டையில் ஏற வேண்டும். ஒரு பெட்டிக்கு நெட்டில் போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வயர், ஒன்று காற்றிலேயே போகிறது. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு நம்பர். ஏழு பெட்டிக்குப் பதினாலு. மூன்று பெட்டியில் குழந்தைகளுக்காக என்னவோ ஒன்று போட்டிருந்தோம், அது தானாக ஆளுக்கொரு பொய் வழியை உண்டாக்கி வைத்திருக்கிறது. சுவரில் ஜன்னல் படம் வரைகிற மாதிரி. அதற்கும் ஒரு நம்பர். ஆக, பதினேழு. உங்கள் அருமை சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? நம்பருக்கு ஒரு வரி போட்டு, மேலே 'கம்ப்யூட்டர்' என்று தலைப்பு வைக்கிறது. கதவை எண்ணிவிட்டு வீடு என்கிறது!

"இப்பவே குரூப்ல போடும்மா, முடிஞ்சுடும்" என்றாள் மகள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "அந்த ஒயர்லெஸ் செட்டிங்ல, நம்பரைத் தினமும் மாத்துன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை மட்டும் தொட்டுடாத. பட்டியல்ல தினம் ஒண்ணு கூடிக்கிட்டே போகும்."

எந்த மகளாவது தாயிடம் 'தொடாதே' என்று சொல்வாளா?

இப்போதே சொன்னால் என்ன ஆகும், யோசித்துப் பார். பிலோமினா 'ஓ, சாரி, சாஃப்ட்வேர் மிஸ்டேக்' என்று ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். நான் திருடி என்று குரூப்பில் நூறு பேர் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையா? ஜெனரல் பாடி மீட்டிங் அடுத்ததற்கு அடுத்த ஞாயிறு. பதினோரு நாள்தான். காத்திருப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பத்து மணிக்கு ரூமைத் திறந்தேன், நாலாம் நம்பர் பெட்டியில் மட்டும் அந்த ஸ்விட்சைப் போட்டேன். போட்டுவிட்டு வந்து வெங்காய சாம்பார் வைத்தேன். அப்படி ஒரு சாம்பார் நான் வாழ்க்கையில் வைத்ததில்லை, இவரே கேட்டார்.

சனிக்கிழமை பதினெட்டு. ஞாயிறு பத்தொன்பது. திங்கள் இருபது. பிலோமினா அலறினாள் குரூப்பில். வெளியாட்கள் லாப்டாப்போடு வந்து போகிறார்களாம், நான் ரூமை வாடகைக்கு விட்டு நெட் சென்டர் நடத்துகிறேனாம். ஒவ்வொரு காலையிலும் காபியோடு உட்கார்ந்து அதைப் படிப்பேன். பதில் போடவே இல்லை. படியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன், கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அவள் மேலும் மேலும் ஏறட்டும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறாளோ அவ்வளவு நல்லது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். தினமும் வெளி மெஷின் உள்ளே வருகிறதென்றால் கேட்டைத் தாண்டித்தானே வர வேண்டும்? பிலோமினா கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். ஒன்றும் பதிவாகவில்லை. அப்படியானால் பெரியண்ணன் என்னோடு கூட்டு. இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனை அனுப்பிவிட்டாள். 'அனுமதியின்றி வெளியார் கருவிகளை உள்ளே விட்டதற்காக நீக்கப்பட்டார்' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். சைக்கிள் கேரியரில் படுக்கையைக் கட்டிக்கொண்டு அவன் போனதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். அண்ணாந்து ஒரு தடவை பார்த்தான். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள். இத்தனை நாள் பொறுத்தவள் இரண்டு நாளில் கெடுத்துக்கொள்வேனா?

ஞாயிறு. கம்யூனிட்டி ஹால். சமோசா, காபி, எழுபது பேர். அந்த ஹாலில் அவ்வளவு கூட்டம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முந்தின நாள் எடுத்து குரூப்பிலும் போட்டிருந்த பட்டியலைப் பிலோமினா திரையில் போட்டாள்.

"இருபத்தஞ்சு," என்றாள்.

நான் எழுந்தேன். "மேடம், எத்தனை?"

"இருபத்தஞ்சு சிஸ்டம்."

"நல்லா எண்ணிட்டீங்களா? தப்பா இருக்கப் போகுது."

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது, வைஜயந்தி. மனுஷங்கதான் தப்புப் பண்ணுவாங்க."

"சரி. அப்ப இருபத்தஞ்சுன்னு மினிட்ஸ்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பிறகு மாத்தக்கூடாது."

போட்டாள்! எழுபது பேருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டாள்!

பிறகு நான் பையிலிருந்து எடுத்தேன். நாலு பேப்பரைப் பக்கவாட்டில் ஒட்டி, ஒரு பத்தியும் மறையாமல் அச்சடித்த அதே பட்டியல். மூன்றாம் மாடி அப்துல் ரஜாக் சாரிடம் கொடுத்தேன். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர், நிலத்தையே அளந்தவர், அவர் எண்ணினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். "சார், எஃப் பத்தியை மட்டும் படிங்க" என்றேன். படித்தார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். "என்னம்மா, போன வரியில இருந்த நம்பரே வருது?" என்றார். "படிங்க சார்" என்றேன். நாலாம் நம்பர் பெட்டிக்கு வந்தபோது அதே நம்பரைப் பத்துத் தடவை படித்தார். ஏழாவது தடவையிலேயே ஹாலில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாரும் கேளுங்க," என்றேன். "உங்க வீட்டுக்கு முன்னால ஒரு கதவு. துணி காயப்போடற பக்கம் ஒரு கதவு. அதுக்காக ஆளுக்கு ரெண்டு ஃப்ளாட்டுன்னு யாராவது சொன்னா ஒத்துப்பீங்களா? செக்ரட்டரி மேடம் எண்ணினது கதவை. எண்ணிட்டு, பாதி வீட்டை நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்றாங்க."

கைதட்டல். கீழ்வீட்டு ஜெயசித்ராவும் தட்டினாள், கறிவேப்பிலைக்காரி.

பிலோமினாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மைக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி வைஜூ" என்றாள். வைஜூ! முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம்.

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அன்னிக்கே நீ என்கிட்ட கேட்டிருக்கலாமே. எனக்குப் பதினோரு நாளாத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்."

அந்த மாதமே ராஜினாமா. இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறாளாம், வீட்டுக்கு டு-லெட் போர்டு தொங்குகிறது. செக்ரட்டரி யார் என்கிறாய்? உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே, நான்தான். போட்டியே இல்லை.

அதனால் உன்னிடம் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். மெஷினுக்கு ஒரு வரி. ஒரே வரி. அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி அதனுடைய கதவுகளைப் போடு. இது வயர், இது காற்று, இது வெறும் படம் என்று ஒவ்வொன்றிலும் எழுது. எது திறந்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது என்றும் போடு. நம்பர் மாறினால் புது வரி போடாதே, அதே மெஷினுக்குக் கீழேயே பழையதையும் புதியதையும் வை. மேலே கூட்டுத்தொகை போடும்போது எதைக் கூட்டினாய் என்று சொல். இவ்வளவுதான். இதைச் செய்ய உங்களுக்கெல்லாம் என்ன கேடு? ஒரு வரியை அதன் இடத்தில் வைக்காததால் ஒரு மனுஷி திருடி ஆனாளே, அதைப் பற்றி அந்த ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்ததுண்டா?

என்ன, ஏதோ கேட்க வருகிறாய்? கேளேன்.

வாட்ச்மேனா? வாட்ச்மேன் என்ன ஆனான் என்றா கேட்கிறாய்? நான் இவ்வளவு சொல்லியிருக்கிறேன், உனக்கு அதுதான் தோன்றுகிறதா?

அவன் பெண்டாட்டி தங்கப்பொன்னு எங்கள் படியெல்லாம் பெருக்கித் துடைக்கிறவள். அன்றைக்கு மீட்டிங்கில் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"பதினோரு நாளாத் தெரியும்னீங்களேம்மா," என்றாள். "அவரை வெள்ளிக்கிழமைதானேம்மா அனுப்பினாங்க?"

"அனுப்பினது பிலோமினா. அவகிட்ட போய்க் கேளு," என்றேன். நியாயம்தானே? நான் ஒரு வார்த்தை அவனைப் பற்றித் தப்பாகச் சொன்னேனா? ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன், நல்ல புடவை, இரண்டு தடவைதான் கட்டியிருப்பேன். வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் செக்ரட்டரி ஆனதும் பெரியண்ணன் வந்தான், திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி. எனக்கு ஆட்சேபணை இல்லையம்மா. ஆனால் ரிஜிஸ்டரைத் திறந்தால் எழுதியிருக்கிறதே, வெளியார் கருவிகளை விட்டதற்காக நீக்கப்பட்டார் என்று. கையெழுத்தோடு. வந்த உடனே ரிஜிஸ்டரில் கை வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? எழுதினதை எழுதினபடி வைத்திருக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்காகத்தானே இவ்வளவும். "பதிவுல இருக்கே பெரியண்ணன், நான் என்ன பண்றது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். மணப்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்கிறான் என்று கேள்வி. பாதிச் சம்பளமாம்.

தங்கப்பொன்னு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் லிஃப்ட்டில் இருந்தால் மட்டும் ஏறமாட்டாள். 'வாயேன், இடம் இருக்கு' என்று நானே கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவேன். கேட்காத மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறிவிடுவாள். ஐந்து மாடி, தண்ணீர் நிறைந்த வாளி.

என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்தவள்.